முளைச்சித்தர் காட்டிய கல்லூரி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து வலங்கைமான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. எல்லோர் மடியிலும் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மார்க் ஷீட், அதற்கு அடியில் ஒரு படி விதைநெல். எல்லோரும் போவது முளைச்சித்தரிடம்தான். பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர வேண்டும் என்று சித்தர் சொல்லமாட்டார், நெல் சொல்லும். அவர் நடுவில் இருக்கும் வெறும் தபால்காரர்!

முறை ரொம்பச் சுலபம். உங்கள் வயலில் விளைந்த நெல்லை நீங்களே கொண்டுவர வேண்டும். அதை மூன்று ஈரத்துணிகளில் முடிவார்கள். ஒன்று அரசுக் கல்லூரி. இன்னொன்று ஒரு பெரிய தனியார் பொறியியல் கல்லூரி. மூன்றாவது, ஆண்பிள்ளைக்குச் சிங்கப்பூர், பெண்பிள்ளைக்குக் கல்யாணம். முடிச்சுகள் மூன்று நாள் சித்தரின் பூஜை அறையில் இருக்கும். நாலாம் நாள் எது முளைத்திருக்கிறதோ, அதுவே தெய்வ சித்தம். தெய்வத்துக்குத் தனியார் கல்லூரி மேல் அப்படி என்ன பாசமோ, இந்த வருஷம் வேறு எதுவும் முளைத்ததாகத் தகவல் இல்லை.

பந்தலுக்கு வெளியே அந்தக் கல்லூரிக்காரர்கள் அட்மிஷன் மேசை போட்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் நிலத் தரகர். பக்தர்களை அலையவிடக் கூடாது அல்லவா?

ரெத்தினத்தின் அப்பா காலமெல்லாம் பிறர் வயலில் நாற்றுப் பறித்தவர். ரெத்தினம் எட்டு வருஷம் துபாய் வெயிலில் நின்று வாங்கியது ஒன்றரை ஏக்கர். மகள் பூவிழியின் மார்க்குக்கு அரசுக் கல்லூரியில் தாராளமாக இடம் கிடைக்கும். ஆனால் டீக்கடையில் நாலு பேர், "கவர்ன்மென்ட் காலேஜா?" என்று உதட்டைப் பிதுக்கியதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"தனியார் காலேஜ் பீஸுக்கு நிலம் போனாப் போவுது. நம்ம புள்ள படிப்பவிடவா பெருசு?" என்றார் மனைவி மலர்க்கொடியிடம்.

"கவர்ன்மென்ட் காலேஜ்லயும் நல்ல படிப்பு இருக்குங்க. எதுக்கு நிலத்த விக்கணும்?"

"நீயும் நானும் என்னத்தக் கண்டோம்? சித்தர்கிட்ட நெல்லக் குடுப்போம். எது முளைக்குதோ அதும்படி செய்வோம்."

மலர்க்கொடி, "சரிங்க, நெல்ல நான் எடுத்தாறேன்" என்று உள்ளே போனாள். கட்டிக் கொண்டுவந்த பையை ரெத்தினம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இத்தனை வருஷம் நெல்லோடு புழங்கியவர், பையைத் திறந்து ஒரு மணியைக்கூடப் பார்க்கவில்லை. சித்தரின் சீடர்கள் அதை அள்ளி முடிந்தபோதும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்தி வந்துவிட்டால் கண் எதற்கு?

நாலாம் நாள் மூவரும் போனார்கள். பந்தல் நிரம்பி வழிந்தது. சித்தர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அரசுக் கல்லூரி, கல்யாணம் இரண்டிலும் நெல் போட்டபடியே கிடந்தது. பொறியியல் கல்லூரி முடிச்சில் மட்டும் வெள்ளை வெளேரென்று முளை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரெத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நிலப் பத்திரத்தைக் கையில் எடுத்தார்.

மலர்க்கொடி எழுந்து நின்றாள். "சாமி, இது நாங்க குடுத்த நெல்லுதானா?"

"ஒங்க வயல்ல வெளைஞ்சது, நீங்க குடுத்தது. இதுல ஒரு மணி மாறியிருந்தாலும் என் நாக்கு அழுகிப் போவட்டும்!"

"அப்ப பெரிய அதிசயந்தான் சாமி. நான் குடுத்தது சோத்துக்காக அவிச்சுக் காயவச்ச நெல்லு."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் விவசாயிகள். அவித்த நெல் முளைக்காது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. முதலில் ஒருவர் சிரித்தார். அடுத்தவர், "பூஜை ரூமத் தொறங்கய்யா!" என்று கத்தினார். நாலு பேர் உள்ளே போனார்கள். சாமி படத்துக்குக் கீழே ஈரச் சாக்கில் முளைகட்டிய நெல் மூட்டை, பக்கத்திலேயே மற்ற முடிச்சுகளுக்கென்று முளைக்காத அவித்த நெல் மூட்டை. அவற்றின்மேல் கல்லூரி முத்திரை போட்ட கமிஷன் கவர்கள். வெளியே வந்து பார்த்தால் சித்தரையும் காணோம், தரகர் மேசையையும் காணோம்.

ரெத்தினம் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மனைவியிடம்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

ரெத்தினம் மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா பூவிழி, நீ என்ன படிக்கணும்னு நெனைக்கிற?"

"மேத்ஸ்ப்பா, கவர்ன்மென்ட் காலேஜ்ல. ரிசல்ட் வந்த அன்னைக்கே சொன்னேன். நீங்க சித்தரு வீட்டுக்கு வழி விசாரிச்சிக்கிட்டிருந்தீங்க."

நெல்லுக்கு வாய் கிடையாது, ஐயா. நீங்கள் பெற்ற பிள்ளைக்கு உண்டு. அடுத்த சித்தரிடம் பஸ் ஏறுவதற்கு முன்னால், அதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.