டெட்பாடி அண்ணாச்சி எழுந்திருக்க மறுத்த நாள்

தமிழ்நாட்டிலேயே அதிகத் தடவை செத்தவர் யார் என்று எவராவது போட்டி வைத்தால், கோவில்பட்டி டெட்பாடி அண்ணாச்சிக்கு எதிரே நிற்க ஒரு ஆள் தேறமாட்டார். காலையில் நிலநடுக்கத்தில் சாவார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விஷவாயுவில் சாவார். சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது போலக் கடைக்குத் திரும்பி பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து அடுக்குவார். பந்தல், நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடுகிற கடை. கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். இரண்டையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் சாக ஆரம்பித்ததே ஒரு விபத்துதான். பேரிடர் ஒத்திகை நடத்த வந்த அதிகாரிகள் அவரிடம் நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பிணமாகப் படுக்க ஒப்புக்கொண்டிருந்த ஆள், "எங்கம்மா கேள்விப்பட்டா அழுவா சார்" என்று கடைசி நேரத்தில் நழுவிவிட்டார். நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி, "இதுக்குப் போயா இம்புட்டு யோசன?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் சாய்ந்தார். சாய்ந்த அழகைப் பார்த்து, ஆம்புலன்சில் வந்த நர்ஸம்மா பதறிப்போய் நிஜமாகவே நாடி பிடித்துப் பார்த்தாராம். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எந்த ஒத்திகை நடந்தாலும் அவர்தான் பிணம்.

பிணம் என்றால் ஏனோதானோ பிணம் இல்லை. தொழில் சுத்தம் பார்க்கிற பிணம். ஒத்திகைகளில் அடிபட்டவர்களின் கையில் வண்ணச் சீட்டு கட்டுவார்கள். பச்சை என்றால் லேசான காயம், சிவப்பு என்றால் அவசரம், கறுப்பு என்றால் முடிந்துவிட்டது. ஒருமுறை ஒரு தொண்டர் இவர் கையில் பச்சைச் சீட்டைக் கட்டிவிட்டார். அவ்வளவுதான், பிணம் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"ஏய்யா, எம்மேல ரெண்டு மாடி விழுந்திருக்கு. பச்சச் சீட்டு கட்டுதியே, மனசாட்சி இருக்கா?"

"அண்ணாச்சி, செத்தவங்க பேசக் கூடாது."

"நீ சரியாக் கட்டு. நான் பேசாமக் கெடக்கேன்."

இன்னொரு வருஷம் வெள்ள ஒத்திகை. மேலிடத்து உத்தரவு, நடத்தியே ஆக வேண்டும். கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ரப்பர் படகை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு, வெடிப்புகளில் கால் மாட்டாமல் நடந்து வர, உள்ளே அண்ணாச்சி மல்லாந்து கிடந்தார். பாதி வழியில் படகை நிறுத்தச் சொன்னார்.

"முங்கிச் செத்தவன் இப்படியா காஞ்சு கெடப்பான்? ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க."

வேடிக்கை பார்க்க நின்ற பெண்களில் ஒருத்தி இடுப்புக் குடத்தை இறுக்கிக்கொண்டு, "குடிக்கவே தண்ணியக் காணும், பொணத்துக்கு ஒரு கொடமா?" என்றாள். அண்ணாச்சி நியாயஸ்தர். "சரி தாயி, ஒரு சொம்பு" என்று இறங்கி வந்தார்.

இப்படிப்பட்ட மனிதரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் இரண்டு அரசாங்கங்கள். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். நம் அரசும் கடல் தாண்டிய ஒரு நாட்டின் அரசும் ஆளுக்குப் பாதி பணம் போட்டு, பேரிடர் மீட்புக் கருவிகளை இரண்டு நாட்டு மண்ணிலும் சோதித்துப் பார்ப்பது என்று ஒரு திட்டம் எங்கள் கல்லூரிக்கு வந்தது. அங்கே உயிரைக் காப்பாற்றுகிற கருவி இங்கேயும் காப்பாற்றுமா என்று தெரிந்துகொள்ளத்தான் மக்கள் வரிப்பணம். வந்த கருவி ஒரு சூட்கேஸ் அளவு பெட்டி. இடிபாட்டின் மேல் வைத்தால், அடியில் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று சொல்லிவிடுமாம்.

பெட்டியோடு வந்த எஞ்சினியர் பெயர் ஹன்னா. அண்ணாச்சி முதல் நாளே அவரை அன்னம்மா ஆக்கிவிட்டார். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. அடியில் படுத்து மூச்சு விடுகிற வேலை யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சிக்கு அதில் ஆரம்பத்தில் ஒரு வருத்தம் இருந்தது.

"டீச்சரம்மா, இத்தன வருசமா மூச்ச அடக்கிப் பழகுனவன் நான். இப்பம் விடச் சொல்லுதாவளே."

"உயிரோட மாட்டிக்கிட்ட ஆளுதான் இவங்களுக்கு வேணும் அண்ணாச்சி."

"பதவி எறக்கம்தான். சரி, போவட்டும்."

பசுவந்தனை சாலையில் மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை, எங்கள் ஊர் வழக்கில் தீப்பெட்டி ஆபீஸ், அதன் கட்டடத்தை இடித்துக் குவித்து, மேலே கரிசல் மண்ணைக் கொட்டியிருந்தார்கள். அடியில் ஆள் படுக்க அகலமான சிமெண்ட் குழாய், காற்று வர ஒரு பைப், பின்பக்கமாக வெளியே வர ஒரு வழி, கையில் வாக்கி டாக்கி. நீளக் குழாயில் எந்த இடத்தில் படுப்பார் என்பதைத் தேடுகிறவர்களுக்குச் சொல்வதில்லை. கோடை முழுக்கச் சோதித்தார்கள். அண்ணாச்சி உள்ளே போய்ப் படுத்த கையோடு பெட்டி கண்டுபிடித்துவிடும். "ஒரு கோழித்தூக்கம் போட விடமாட்டேங்கு" என்று அதன்மேல் அவருக்குக் கோபம்.

கடைசியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் நேரில் பார்க்க வருகிற நாள் வந்தது. முந்தின இரவு பிடித்த மழை விடியற்காலையில்தான் விட்டது. மழை குடித்த கரிசலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நடந்தால் செருப்பு நம்மோடு வராது. வந்தால் மண்ணும் சேர்ந்து வரும். அதிகாரிகளின் பளபளப்பான ஷூக்கள் யானைக்கால்களாகிவிட்டிருந்தன. நாற்காலிகள் உட்கார்ந்தவர்களோடு மெல்ல மெல்லப் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

திட்டத்துக்கு எங்கள் கல்லூரியில் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருந்தார். சோதனை என்றாலே பரீட்சை, பரீட்சை என்றாலே பாஸ் என்று நம்புகிறவர். மீட்கப்பட்டதும் அண்ணாச்சி சொல்லப்போகும் நன்றியுரையை எல்லோரும் கேட்க வேண்டும் என்று, வாக்கி டாக்கியை அவரே முன்னின்று ஒலிபெருக்கியோடு இணைக்கச் செய்திருந்தார்.

அண்ணாச்சி உள்ளே போய்ப் படுத்ததும் பெட்டியை வைத்தார்கள். ஒன்றும் இல்லை. நகர்த்தி வைத்தார்கள். அப்போதும் ஒன்றும் இல்லை. ஓரமாகக் கொண்டுபோனதும் திடீரென்று 'பீப்' என்றது. கைதட்டல் கிளம்பியது. ஆட்கள் ஓடிப்போய்க் கல்லைப் புரட்டினால், மழைக்கு ஒதுங்கிய நாய் ஒன்று சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்து, இரண்டு அரசாங்கங்களையும் பார்த்துவிட்டுப் போனது.

ஒருங்கிணைப்பாளருக்கு வியர்த்துவிட்டது. வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். ஒலிபெருக்கி இணைப்பு அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவர் குசுகுசுத்தது பசுவந்தனை சாலை முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி, கேக்குதா?"

"கேக்கு. ஆனா நான் மயக்கத்துல இருக்கேன்."

"கொஞ்சம் கையக் கால ஆட்டுங்களேன்."

"கால் மேல தூணு கெடக்கு. எப்படிய்யா ஆட்டுவேன்?"

"அது சும்மா நெனச்சிக்கிட்டதுதானே அண்ணாச்சி! சரி, பின்பக்கமா வெளிய வந்துருங்க. கருவி கண்டுபிடிச்சிட்டதா நான் அறிவிச்சிடுறேன்."

"அது கண்டுபிடிக்கலையே" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, பெரிய பெரிய ஆளுங்க வந்திருக்காங்க…"

"இருக்கட்டும். கண்டுபிடிக்கலன்னா கண்டுபிடிக்கலன்னு சொல்லுங்க. அது கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல."

"இனிமே காலேஜுக்கு உங்ககிட்ட நாற்காலி எடுக்க மாட்டோம், ஆமா!"

"எடுக்காதிய. இப்பம் எல்லாரும் உக்காந்திருக்கதும் எந்நாற்காலிதான். மொதல்ல எந்திரிச்சு நில்லுங்க."

நம்மூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். வெளிநாட்டு அதிகாரிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்து, "மேடம், அவருக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க" என்றார். அதற்குள் ஒலிபெருக்கி மறுபடி பேசியது. இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை.

"எம்பொண்டாட்டி பாக்கியம் தெனமும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறா. நாளப்பின்ன அங்கன ஒரு செவரு விழுந்துச்சுன்னா, நீங்க இந்தப் பொட்டியத்தான் தூக்கிட்டு வருவிய. அன்னைக்கும் மழ பெஞ்சிருந்தா? 'இங்கன ஆளில்ல'ன்னு சொல்லிட்டு அடுத்த எடத்துக்குப் போயிருவிய. அவ உள்ள மூச்சு விட்டுக்கிட்டுல்லா கெடப்பா?"

என் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர், "மேடம், உடம்பு சரியில்ல, அவ்வளவுதான்" என்று பல்லைக் கடித்தார். அவர் நினைத்தால் அடுத்த மாதம் எனக்கு வேலை இருக்காது. ஆனால் மண்ணுக்கு அடியில் ஒரு மனிதர் படுத்துக்கொண்டு உண்மை பேசுகிறபோது, மேலே குடை நிழலில் நின்று பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அண்ணாச்சி சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். நாற்காலி விஷயத்தையும் விடவில்லை. வெளிநாட்டு அதிகாரிகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

ஹன்னா சேற்றில் மண்டியிட்டு, காற்று பைப்பில் வாயை வைத்தார். நானும் மண்டியிட்டேன். புடவை போயிற்று.

"நீங்கள் சொல்வது சரி. உங்களை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருப்பீர்களா? தேடிப் பார்க்கிறோம்" என்று ஹன்னா கேட்டதை உள்ளே அனுப்பினேன்.

"அன்னம்மா கேட்டா எம்புட்டு நேரமும் கெடப்பேன். ஒரு டீ மட்டும் பின்பக்கமாக் குடுத்து விடுங்க. கொண்டுவார ஆளு என்னயப் பாத்ததா வெளிய மூச்சு விடக் கூடாது, சொல்லிட்டேன்."

வெளிநாட்டு அதிகாரிகளில் மூத்தவர், ஈரக் களிமண்ணில் கருவியின் அலை அமுங்கிப்போகிறது என்று ஹன்னா விளக்கியதைக் கேட்டுவிட்டு, "காய்ந்த மண்ணில் வேலை செய்யும் என்பது எங்களுக்கு ஊரிலேயே தெரியும். இதைத் தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். நம் பக்கத்திலிருந்து வந்த அதிகாரியம்மாவோ ஒருங்கிணைப்பாளரைத் திரும்பிப் பார்த்து, "அறிக்கையில இத முதல்ல எழுதுங்க சார்" என்றார். ஒருங்கிணைப்பாளரின் முகம் கண்மாய் மண் மாதிரி வெடித்தது.

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. ஹன்னாவின் ஆட்கள் பெட்டியோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மேலே இருந்து தேடுவதையே கைவிட்டார்கள். அங்கங்கே மண்ணில் துளை போட்டு, நுனியில் மைக் பொருத்திய நீளக் கம்பிகளை உள்ளே இறக்கினார்கள். ஒவ்வொரு துளையாகக் காது கொடுத்துக்கொண்டே வந்தார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் ஹன்னா சட்டென்று கையை உயர்த்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து வந்தது மூச்சு இல்லை. குறட்டை. சீராக, கம்பீரமாக, கொஞ்சமும் கவலையில்லாமல்.

தோண்டி எடுத்தபோது அண்ணாச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இப்பம் சரி" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள், வேலை முடிந்து பஸ் இறங்கிய பாக்கியம் அக்கா சேற்றை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மைக்குல எம்பேரச் சொன்னியளாமே? எம்மேல செவரு வேற விழும்னு சொல்லியிருக்கிய! வேற யாருமே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

இரண்டு அரசாங்கங்களை நாள் முழுக்க நிற்கவைத்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா திட்டிக்கொண்டே முந்தானையால் அவர் காதுக்குள் போயிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார்.

என் வேலை போகவில்லை. ஈரக் கரிசலில் பெட்டியை மட்டும் நம்பக் கூடாது, கம்பியும் வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். அந்தக் கம்பியை மேம்படுத்த இரண்டு அரசும் மறுபடி பணம் ஒதுக்கின. ஒருங்கிணைப்பாளர் இன்று மேடைக்கு மேடை, "தோல்வியைத் தேடித்தான் நான் அந்தச் சோதனையை நடத்தினேன்" என்று பேசுகிறார். பேசட்டும்.

புதுக் கம்பியை அவர்கள் நாட்டில் சோதிக்கும்போது அண்ணாச்சிதான் படுக்க வேண்டும் என்று ஹன்னா ஒற்றைக்காலில் நின்றார். விசா நேர்காணலில், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "செத்துக் கெடக்க" என்று சொல்லியிருக்கிறார். விசா கிடைக்கவில்லை. அடுத்த தடவை, "ஆராய்ச்சிக்கு உதவப் போறேன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன்.

"ஆராய்ச்சி அன்னம்மால்லா பண்ணுதா? நான் படுக்கத்தான போறேன்?"

அடுத்த நேர்காணலிலும் அதையே சொல்லியிருக்கிறார். எப்படி என்று அதிகாரி கேட்டதும் அங்கேயே தரையில் சாய்ந்து காட்டினார். காவலர் ஓடிவந்தாராம். யார் சிரித்தார்களோ, யார் மனமிரங்கினார்களோ, விசா வந்துவிட்டது. பாக்கியம் அக்காவும் நானும் மதுரை விமான நிலையம் வரை போய் அனுப்பிவைத்தோம்.

போன வாரம் அங்கிருந்து பேசினார்.

"டீச்சரம்மா, இங்கன ஒரே பனி. மொத தடவ கண்டுபிடிக்கல. எந்திரிக்க மாட்டேன்னுட்டேன்."

"அவங்க பாஷை தெரியாதே, எப்படிச் சொன்னீங்க?"

"எந்திரிக்காம கெடக்கதுக்கு என்னத்துக்கு பாஷ?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மனிதர் எத்தனையோ முறை என் கண் எதிரே மண்ணுக்குள் இறங்கியிருக்கிறார். ஒரு முறைகூட நான் இதைச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்:

"பாத்துப் பத்திரமா வாங்க அண்ணாச்சி. நீங்க இல்லாம ஊரு ஒரு மாதிரியா இருக்கு."