மேனேஜரின் வலது பின்னங்கால் குறித்து

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மகளும் நலம். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பெரிய மகள் வீட்டில் நீங்கள் எழுந்து நடக்கிறீர்கள் என்று கேட்டு நிம்மதி. உங்கள் நாய் மேனேஜரும் நலம். பெயரிலேயே பதவி இருப்பதால் மரியாதை இல்லாமல் எழுத எனக்குக் கை வரவில்லை. இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன், ஆனால் உங்கள் மகள் போனில் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

வண்டி ஏறும்போது, "என் நாய்க்கு ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் என் மூஞ்சியிலேயே முழிக்காதீங்க மாப்பிள்ளை" என்றீர்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னை நம்பி நீங்கள் ஒப்படைத்த முதல் பொறுப்பு. மூன்று நாள் வாசற்கதவையே பார்த்துப் படுத்துக்கிடந்தவர், நான்காம் நாள் காலை போனால் போகிறது என்று என்னோடு நடக்க வந்தார். வந்தால், வலது பின்னங்காலை இழுத்து இழுத்து நொண்டுகிறார். உங்கள் முகம் கண்முன் வந்து நின்றது.

கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "முதல்ல வாயைக் கட்டுங்க, எவ்வளவு சாதுவா இருந்தாலும் வலியில கடிச்சிடும். மனுஷங்க மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க. பலகையில படுக்கவச்சு அசையாம கொண்டுவாங்க" என்றார். பலகை என்றதும்தான் எனக்கு உயிர் வந்தது. வைத்தியம் தெரியாது, பலகை தெரியும், தச்சன் இல்லையா. அளவெடுத்தேன். வாலைச் சேர்ப்பதா விடுவதா என்று கொஞ்ச நேரம் குழம்பி, அது ஆடிக்கொண்டே இருந்ததால் விட்டுவிட்டு, நல்ல பலகையாகப் பார்த்து இழைத்து, மூலையை உருட்டி, உப்புத்தாள் போட்டு, நாலு பக்கமும் கைப்பிடி வைத்து, வார்னிஷ் டப்பாவைத் திறந்தபோது உங்கள் மகள் வந்து நின்றாள். "அவன் போய்ச் சேர்ந்தப்புறம் நிதானமா வார்னிஷ் அடிச்சுக்கலாம், இப்பக் கிளம்புங்க" என்றாள். வாயைக் கட்ட மெத்தென்ற துணி வேண்டுமே, கல்யாணத்துக்கு நீங்கள் எடுத்துக்கொடுத்த பட்டு டையைத்தான் எடுத்தேன். மூக்கைச் சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டுபோய், காதுக்குப் பின்னால் முடிச்சு. என்னைவிட அவருக்குத்தான் எடுப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்காரரும் நானுமாகப் பலகையை இறக்கும்போது மேனேஜர் ஒரு பூனையைப் பார்த்துவிட்டார். அவர் குதித்தார், பலகை என் இடது பாதத்தில் இறங்கியது. ஆக, டையும் தானுமாக மேனேஜர் முன்னால் நடக்க, பலகையில் படுத்து உள்ளே போனது நான். "வாயைக் கட்ட வேண்டிய ஆளை விட்டுட்டோம்" என்று வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டே உங்கள் மகள் பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்து வந்தாள். டாக்டரம்மா மேனேஜரின் காலை மடக்கி, நீட்டி, அமுக்கிப் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். எனவே தக்க சமயத்தில் நான் செய்த முதலுதவியால் மேனேஜரின் கால் பிழைத்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் புது முழங்காலுக்கு எங்கள் இருவரின் வணக்கமும் மேனேஜரின் வாலாட்டலும்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் முழிக்க விரும்பும்
மாப்பிள்ளை

பி.கு.: உங்கள் மகள் இதைப் படித்துவிட்டு, "அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லுங்க" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். மேனேஜரின் காலில் ஒன்றுமே இல்லை மாமா. டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இவன் வழக்கமா யார்கூட நடப்பான்?" நாலு வருஷமாக உங்கள் பின்னாலேயே வந்து, நீங்கள் வலது காலை இழுத்து நடப்பதைப் பார்த்துப் பார்த்து, நடப்பதென்றால் இப்படித்தான் என்று பழகியிருக்கிறான். பின்னால் வருகிறவனை நீங்கள் எங்கே கவனித்திருக்கப்போகிறீர்கள். பாதத்தில் கட்டோடு நொண்டிக்கொண்டேதான் இந்த ஒரு வாரமாக அவனைக் கூட்டிப்போகிறேன். இன்று காலை உங்கள் மகள் வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். வலது காலை நன்றாக ஊன்றுகிறான். இப்போது இழுப்பது இடது கால். கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா, எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.