ரயில் வராமலே அடிக்கும் மணி

தூத்துக்குடி,
18-10-1976

அன்பு மகன் இனிகோவுக்கு அப்பா வில்பிரட் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. பனிமயத் தாயின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். கப்பலில் நீயும் உன் கூட்டாளிகளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம்.

கப்பல் வேலைக்கு இன்னொரு வருஷம் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. எங்களுக்கு ஒரு குறையுமில்லை. குறையெல்லாம் நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய பொம்மை ரயிலின் கண்ணில்தான்.

அந்த எலெக்ட்ரிக் கண்ணைத் தண்டவாளத்துக்கு நடுவே பதித்துவிட்டேன். ரயில் மேலே வந்து வெளிச்சத்தை மறைத்ததும் கேட் இறங்குகிறது, மணி அடிக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் பொம்மை அளவுக்குச் சின்ன ஆளாகி, கேட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிளோடு காத்து நிற்பது போலிருக்கிறது, சாப்பாடுகூட மறந்துபோகிறது. பொம்மை மணி என் காதில் விழாததால் பழைய தோணி மணி ஒன்றைக் கட்டினேன், அங்கேதான் வந்தது வினை. அந்தக் கண்ணுக்கு ரயிலும் ஒன்றுதான், மேகமும் ஒன்றுதான். போன வாரம் பட்டப்பகலில் மேகம் கூடி வீடே இருண்டது, மணி நிற்காமல் அடித்தது, அடுத்த வீட்டு பிளாரன்ஸ் சாயங்காலக் கோயில் மணி என்று நினைத்து மீன் கழுவிய கையோடு முழங்காலில் நின்று திரிகால செபத்தைத் தொடங்கிவிட்டாள், அவளைப் பார்த்துத் தெருவே தொடங்கிவிட்டது, முடித்து நிமிர்ந்தால் சுள்ளென்று வெயில்! "அண்ணே, ஒம்ம ரயிலு எங்கள மோட்சத்துக்குக் கொண்டு போவுமா, நரகத்துக்கா?" என்று கேட்கிறாள்.

கண்ணுக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். மேகத்தின் தொல்லை தீர்ந்தது. இப்போது வேறு கூத்து. மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தால் கடல் காற்றில் கண் சொருகும், துறைமுகத்தில் கப்பல் ஊதும், அந்தக் கப்பலே தண்டவாளத்தில் ஏறி நம் தெருவுக்குள் மெள்ள மெள்ள வரும், மேல்தட்டில் நீ நிற்பாய், கேட் இறங்கும், மணி அடிக்கும், திடுக்கிட்டு விழித்தால் நிஜமாகவே மணி அடித்து ஓய்கிறது. ரயிலோ நான் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. தினமும் இதே கதை. எதற்கெடுத்தாலும் என்னைக் கரித்துக்கொட்டும் உன் அம்மா இதற்கு மட்டும் திட்டுவதில்லை. "மணியா? எனக்குக் கேக்கலையே. கனவு கண்டிருப்பிய" என்கிறாள். ஆகவே ரயிலின் கண்தான் கெட்டுவிட்டது. அடுத்த துறைமுகத்தில் நல்ல கண்ணாக ஒன்று வாங்கி அனுப்பு.

நீ போகிற கடலெல்லாம் அலையடங்கிக் கிடக்க மாதா உன்னோடு வரட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: இதை ஒட்டப் பசை எடுக்க எழுந்தேன், மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் உன் அம்மா தண்டவாளத்துக் கண்ணுக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஏளா அமலோற்பவம், என்ன பண்ணுத?" என்றேன். கையை எடுக்காமலே சொன்னாள்: "மணி அடிச்சா வண்டி வரும்லா. வண்டி வந்தா புள்ள வருவாம்லா."

பசையை வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன். கண்ணில் பழுதில்லை, புதிதாக ஒன்றும் அனுப்ப வேண்டாம். கையெழுத்துப் போடாதே. புறப்பட்டு வா. அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. பிளாரன்ஸ் வீட்டில் செபம் தொடங்கிவிட்டது.