பின்சுவரில் ஒரு மலை

"சன்னல மூடுங்க! அடுப்பு அணைஞ்சிடுச்சு!"

சமையலறையிலிருந்து கத்திய உபகாரமேரிக்கு மேலே பேச வரவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது.

கிறிஸ்துதாஸ் வாசல் சன்னலைச் சாத்தினார். தபால் ஆபீஸ் குமாஸ்தா. "வீட்டில் காற்றோட்டம் இல்லை. இப்படியே இருமினால் பெரியாஸ்பத்திரிதான்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஜல்லி லாரிகள் ஓயாமல் ஓடும் கள்ளக்குறிச்சி மெயின் ரோட்டோரம் இருந்த தம் வீட்டுக்கு அவரே வைத்தியம் பார்த்துவந்தார். சன்னலைத் திறந்ததில் புகை கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம்.

"பொகை மேலதான போவும்? மேல வழி வுடுறேன்."

ஏணி போட்டு ஏறிச் சமையலறைக் கூரையில் சில ஓடுகளைக் கழற்றினார். புகை சமர்த்தாக வெளியேறியது. சாயங்காலம் மழை சமர்த்தாக உள்ளே வந்தது.

"இன்னாங்க இது? நான் வெச்சது அரைக் குண்டான் ரசம். இப்ப வயிஞ்சிக்கினு கீது!"

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான?"

அவள் முறைத்தாள். ஓடுகள் திரும்ப ஏறின.

"பின்செவுத்துல சின்னதா ஒரு சன்னல் வெச்சிடலாம்."

"மேஸ்திரிய வரச் சொல்லுங்க. நீங்க தொடாதீங்க."

"மாயவன் எப்படி வருவான்? இடஒதுக்கீட்டுக்கு மறியல் நடக்குது. நைனார்பாளையத்துலேர்ந்து வழி நெடுக மரத்த வெட்டிப் போட்டுருக்காங்க."

அவரே கடப்பாரையை எடுத்தார். ஒரு செங்கல்லைத்தான் நெம்பினார். அதன் சொந்தபந்தங்கள் எல்லாரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். புழுதி அடங்கியபோது, பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் எருமை சுவர்வழியே தலையை நீட்டி முருங்கைக்கீரையை மென்றுகொண்டிருந்தது.

"இது வூடா, சத்திரமா?" உபகாரமேரி அழுதேவிட்டாள். ஓட்டையில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்தார்கள்.

விடிந்ததும் அவள் குரல் கேட்டது. "ஏங்க... இங்க வாங்களேன்."

மிச்சச் சுவரும் போயிற்றென்று ஓடினார். அவள் போர்வையை விலக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

ஓட்டை நிறையக் கல்வராயன் மலை. கைநீட்டினால் தொடலாம்போல, மடிப்பு மடிப்பாக, நீலமாக. உச்சியில் முதல் வெயில். இடுப்பில் நூல்போல ஒரு மேகம்.

"கல்யாணமாயி வந்து இத்தினி வருசத்துல இங்கிருந்து மல தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க" என்று கிசுகிசுத்தாள். கோயிலில் பேசுவதுபோல. பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு இருமலாகாமல் மூச்சாகவே திரும்பியது.

"மேரி, ராத்திரி நீ இருமவே இல்ல!"

"ஆமாங்க!"

கிறிஸ்துதாசுக்குக் கண் கலங்கியது. இடிந்த சுவரைத் தடவிக்கொடுத்தார். "பாத்தியா? இதான் காத்தோட்டம்!"

பால் சொம்போடு வந்த காசியம்மாளும் மலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க வூட்ல செவுத்த இடிக்கலீங்க சார், ஆனா எங்களுக்கும் இருமல் நின்னுபோச்சு, மறியல்ல இந்த ஜல்லி லாரிங்க நின்னு புழுதி அடங்குனதிலேர்ந்து தெருவுக்கே மல தெரியுதே!"