இராஜரட்ணத்தின் அன்னப்படகு

இராஜரட்ணத்தின் வீட்டுக் கராஜ் கதவு மூன்று நாட்களாக மூடப்படவில்லை. மூட முடியவில்லை என்பதே சரி. உள்ளே நின்ற படகிலிருந்து பெரிய இரும்புக் குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரூஜ் பகுதியில் நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இப்போது அந்தத் தெருவால்தான் நடக்கிறார்கள். நாய் இல்லாதவர்களும்தான்.

சனிக்கிழமை மகள் தனுஷிகாவின் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. சிநேகிதர் கனகசிங்கம் தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு அவளை அதே மண்டபத்தில் ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து இராஜரட்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. அதை வெல்ல வேண்டும். வானம் கைவிட்டுப் போய்விட்டது, மிச்சமிருந்தது தண்ணீர். றிச்மண்ட் ஹில்லில் ஸ்டெபனி என்ற வெள்ளைக்காரி வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது இந்தத் தட்டைப் படகைக் கண்டார். சில்லுப் பூட்டி, அன்னமாக்கி, மகளை மண்டபத்துக்குள் உருட்டிக்கொண்டு வருவதாகத் திட்டம்.

"உந்தக் குழாய் என்னத்துக்கு?" என்றாள் மனைவி ஜெயமலர்.

"பாய்மரமாக்கும். சரிஞ்சுபோச்சு."

மண்டபம் அலங்கரிக்கும் சோடனைக்காரர் றொய்சன் அதைக் கழற்றப் பார்த்தார். இரண்டு ஆணி வந்தது. கூடவே ஒரு பலகையும் வந்தது.

"கழட்டினா போட் மிஞ்சாது அண்ணை."

"அப்ப அதையே கழுத்தாக்கும்."

வெள்ளைத் துணி சுற்றி, இரண்டு கண்ணும் ஒட்டியாயிற்று. ஜெயமலர் தள்ளி நின்று பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உது அன்னமே? இரத்தம் குடிக்கிற நுளம்பெல்லோ!"

கழுத்தை நிமிர்த்தினார்கள். படகு பின்னால் குந்தியது. முன்னுக்கு மூன்று அரிசி மூட்டை வைத்தார்கள். படகு நேரானது, கழுத்து மெல்லப் பழையபடி படுத்தது, மகளுக்கு இருக்க இடம் இல்லாமல் போனது.

"படுத்துப் பாரம்மா," என்றார் இராஜரட்ணம்.

தனுஷிகா குழாயின் பின்னால் குப்புறப் படுத்தாள். "அப்பா, ஐ லுக் லைக் அ ஸ்னைப்பர்!" என்றவள் சும்மா இருக்காமல் படகைப் படம் எடுத்து போனில் தேடினாள். "ஓ மை கோட். இது துவக்கு!"

அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அப்படித்தான் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரை அளைந்து, சத்தமில்லாமல் வாத்துக் கூட்டத்துக்குக் கிட்டப் போவார்களாம். ஒரே வெடி; ஐம்பது வாத்து. வெடித்த வேகத்தில் படகே பின்னுக்குப் போகுமாம்.

"ஐம்பதோ?" இராஜரட்ணத்தின் முகத்தில் ஒரு கணம் பெருமை எட்டிப்பார்த்தது.

"சபைக்குப் பிள்ளையைக் கூட்டிவாறியளோ, சபையைச் சுட வாறியளோ?" ஜெயமலர் கத்தினாள். "முதல்லை உதின்ரை வாயை அடையுங்கோ!"

ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, துவக்கின் வாயில் அளவெடுத்தது போலப் பொருந்தியது.

சனிக்கிழமை மேளம் முழங்க, படகு மண்டப வாசலுக்குள் நுழைந்தது. நுழைந்தவுடன் நடைபாதையில் ஒரு திருப்பம். துவக்கு ஒரு சுவரில் முட்டியது, பின்பக்கம் மற்றச் சுவரில். தள்ளினார்கள், இறுகியது. இழுத்தார்கள், இன்னும் இறுகியது. பிந்தி வந்தவர்கள், அதாவது எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேர், குசினி வழியாக உள்ளே போய்க் கையில் வடையோடு வெளிப்பட்டார்கள்.

"ஐ'ம் வோக்கிங், அப்பா!" தனுஷிகா குதித்து இறங்கினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சமையல்காரர்கள் அகப்பையால் தாளம் போட, குசினிக்குள்ளால் சிரித்தபடி மேடைக்கு நடந்தாள். மண்டபம் விசிலடித்தது.

இராஜரட்ணத்துக்கு அது கேட்கவில்லை. ஹெலிகொப்டர் வென்றுவிட்டது. அரிசி மூட்டையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்.

பக்கத்தில் கனகசிங்கம் வந்து நின்றார். நக்கலடிக்கத்தான் வருகிறார் என்று இராஜரட்ணம் பல்லைக் கடித்தார். அவரோ குனிந்து, துணியை விலக்கித் துவக்கைத் தடவினார்.

"ஸ்டெபனியிட்டையோ வாங்கினனீர்?"

"ஓம். உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

கனகசிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான் அவவுக்குச் சும்மா குடுத்தது. என்ரை மகளின்ரை ஒத்திகையிலை இதே வாசல்லை உது இறுகினபடியால்தானே தம்பி, கடைசி நேரத்திலை ஓடித் திரிஞ்சு அந்த ஹெலிகொப்டரைப் பிடிச்சனான்!"