மூன்று பிரதிகளில் ஓர் அடுப்பு

கதைக்கு முன் ஒரு விடுகதை. மூன்று மாதம் விடாமல் மழை பெய்த இடத்தில் ஒரே ஒரு பொருள் மட்டும் நனையவில்லை. அதற்கு இறகு கிடையாது, தோலும் கிடையாது. ஆனால் எல்லாரும் தங்களைவிட அதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். அது என்ன? விடை தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருக்கவும்.

ஒரு காட்டில், மலையின் குளிர்ந்த பக்கத்தில், சடைச்சி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்தாள். அவளுக்குக் குருணை என்று ஒரு சின்ன மகள். குருணையின் முட்கள் இன்னும் கெட்டிப்படவில்லை. குளிர்காலத்தில் அவளுக்கு இருந்த ஒரே காவல் வீட்டு மூலையில் இருந்த விறகு அடுப்புதான்.

அந்தக் காட்டில் எல்லார் வீட்டிலும் விறகு அடுப்பு இருந்தது. பலர் ஈர விறகை எரித்தார்கள். புகை பள்ளத்தாக்கில் தேங்கியது. மான்கள் இருமிக்கொண்டே மேய்ந்தன. போன மாசியில் ஒரு குரங்கின் வீட்டுப் புகைக்குழாயில் படிந்திருந்த கரி தீப்பிடித்து, கூரையே போய்விட்டது. அதன் பிறகு காட்டில் அடுப்பு அலுவலகம் திறந்தார்கள். காட்டெருமை அதிகாரி ஆனார்.

விதிகள் நல்ல விதிகள்தான். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி வேண்டும். புகைக்குழாய் கூரையைவிட உயரமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை குழாயில் கரி எடுக்க வேண்டும். விறகில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் சான்றிதழ் தருவார்கள். அது வரும்வரை அடுப்பின் வாயைக் களிமண்ணால் அடைத்து முத்திரை வைத்துவிடுவார்கள்.

சடைச்சி எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள். விறகைப் பங்குனியிலேயே வெட்டி, வீட்டிலேயே மிகவும் காய்ந்த இடமான பரணில் அடுக்கியிருந்தாள்.

ஐப்பசியில் மரங்கொத்தி சோதனைக்கு வந்தான். ஒரு விறகை எடுத்து அலகால் தட்டினான். 'டொக்' என்றது.

"நல்லாக் காஞ்சிருக்கு அக்கா. ஈரம் பதினெட்டுதான் இருக்கும்."

"அப்ப முத்திரையை எடுத்துடு தம்பி. புள்ளைக்குக் குளிர் தாங்கலை."

"கருவி வெச்சு அளந்தாத்தான் எடுக்க முடியும். கருவிக்கு இன்னும் பேட்டரி வரலை."

"இப்பதானே தட்டிப் பாத்துச் சொன்னே?"

"சொன்னேன். ஆனா என் அலகுக்கு அங்கீகாரம் இல்லையே அக்கா."

சடைச்சி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது காட்டெருமை கேட்டார்: "குழாய்ல கரி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு ஐயா."

"எந்த பிரஷ்ஷால?"

சடைச்சி திரும்பி நின்று முதுகைச் சிலிர்த்துக் காட்டினாள். "இதாலதான். ஒரு தடவை உள்ள இறங்கி ஏறினா குழாய் பளபளன்னு ஆயிடும்."

காட்டெருமை அந்த முதுகை வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். "இந்த பிரஷ் இதுல இல்லையேம்மா" என்றார், உண்மையான வருத்தத்துடன்.

முதுகைப் பதிவு செய்ய ஒரு படிவம், மூன்று பிரதிகள். பேட்டரி வரும்வரை காத்திருக்கச் சம்மதம் என்று ஒரு படிவம், மூன்று பிரதிகள்.

"சோதனை அன்னைக்கு எல்லாப் பிரதியும் வீட்டுல இருக்கணும். நனைஞ்சா செல்லாது. காஞ்ச இடமாப் பாத்து வையுங்க."

வாரம் ஒரு கட்டுப் படிவம் கூடியது. வீட்டில் காய்ந்த இடம் பரண் ஒன்றுதான். சடைச்சி யோசித்தாள். விறகு நனைந்தால் மறுபடி காய்ந்துகொள்ளும். படிவம் நனைந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே விறகை இறக்கி வாசலில் போட்டுவிட்டு, பரணில் படிவங்களை அடுக்கினாள். பக்கத்து வீட்டுக் கீரியும் அப்படித்தான் செய்திருந்தது. எதிர்வீட்டு மரநாயும் அப்படித்தான்.

மழை பெய்துகொண்டே இருந்தது.

மார்கழியில் பேட்டரி வந்தது. மரங்கொத்தி கருவியை விறகில் குத்தினான். நாற்பத்தொன்று.

"என்னக்கா இது? அன்னைக்கு டொக்குன்னு இருந்துச்சே."

சடைச்சி பரணைக் காட்டினாள்.

குருணை சருகுக் குவியலுக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டினாள். அவளுடைய பற்கள் தந்தியடித்தன. "மாமா, இன்னைக்கு அடுப்பு எரியுமா?"

மரங்கொத்தி பறந்து பரணில் ஏறி, படிவக் கட்டில் கருவியைக் குத்தினான். ஒன்பது.

விடுகதைக்கு விடை தெரிந்தவர்கள் இப்போது கையைத் தூக்கலாம்.

மரங்கொத்தி விதிப் புத்தகத்தைப் புரட்டினான். 'மரத்திலிருந்து கிடைத்ததாகவும், ஈரம் இருபதுக்குள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்' என்றிருந்தது. "காகிதம் மரத்துலேருந்துதான் வருது. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்" என்றான். எரிபொருள் என்ற இடத்தில் 'படிவம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் கொத்தி உடைத்தான்.

அடுப்பு எரிந்தது. மையெல்லாம் எரிந்ததால் ஊதாநிறப் புகை வந்தது. புகையின் நிறத்தை ஒப்பிடும் அட்டையில் வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றுதான் இருந்தன. ஆகவே 'புகை இல்லை' என்று குறித்துக்கொண்டான்.

மறுவாரம் சான்றிதழ் வந்தது. தடித்த அட்டை. சடைச்சி அதை அடுப்புக்கு மேலே மாட்டி, கூடவே வந்த விதிப் புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

செய்தி பரவியது. தை பிறப்பதற்குள் அலுவலக வாசலில் வரிசை ஓடைவரை நீண்டது. எல்லாருக்கும் படிவம் வேண்டியிருந்தது. மானும் வந்து நின்றது.

"உனக்கு அடுப்பே கிடையாதே?" என்றார் காட்டெருமை.

"அடுப்பு இல்லைன்னு சொல்லவும் ஒரு படிவம் இருக்குமே ஐயா."

இருந்தது. மூன்று பிரதிகள்.

மக்களிடையே விதிகள் பற்றிய ஆர்வம் பெருகியிருப்பதாகக் காட்டெருமை மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் இன்னும் இரண்டு வண்டி படிவங்கள் அனுப்பியது.

மாசியில் உறைபனி விழுந்தது. அன்று காலை சடைச்சியின் பரண் காலியாக இருந்தது. முதுகு முதல் வால் வரை எல்லாவற்றையும் அவள் பதிவு செய்து முடித்திருந்தாள். புதிதாக விண்ணப்பிக்க ஒன்றும் மிச்சமில்லை. வாசல் விறகு பனியில் ஊறிக் கிடந்தது. வீட்டில் காய்ந்த பொருள்கள் இரண்டுதான் இருந்தன: விதிப் புத்தகமும் சான்றிதழும்.

"குருணை, புத்தகம் மத்தியானம் வரைக்கும் எரியும்" என்றாள் சடைச்சி. "சான்றிதழ் கஞ்சி கொதிக்கக்கூடக் காணாது. எதைப் போடட்டும்? நீயே சொல்லு."

குருணை படிவங்களைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்றவள். சான்றிதழைக் கழற்றிப் பின்பக்கத்தைப் படித்தாள். 'இது தொலைந்தாலோ எரிந்தாலோ நகல் பெறப் பதினான்கு படிவங்கள், ஒவ்வொன்றும் மூன்று பிரதிகள்' என்று எழுதியிருந்தது.

அவள் சான்றிதழை அடுப்பில் வைத்தாள்.

நீதி: அனுமதி பெற்றவர் குளிரில் நடுங்குவார், அனுமதி கேட்டுக்கொண்டே இருப்பவர் குளிர்காய்வார்.