உம் கொட்டிய நாய்

"பத்து மணிக்கு நாய் வரும்னீங்களே டீச்சர், எங்க?" என்றார் கல்வி அதிகாரி அய்யூப். மணி பத்தேகால்.

மணிமொழி டீச்சருக்கு வியர்த்தது. வாசிக்கத் திணறும் பிள்ளைகள் மனிதர் முன்னால்தான் கூச்சப்படுகிறார்கள், பழக்கிய நாயிடம் படித்துக் காட்டினால் கூச்சம் போய்விடும் என்று எழுதி அனுமதி வாங்கியவள் அவள்தான். செங்கம் ரோட்டில் நாய்களைப் பழக்கும் விடுதி ஒன்றிலிருந்து நாயை ஆட்டோவில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நூலக அறையின் மூலையில் ஒன்பதாம் வகுப்பு மதிவதனி புத்தகத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் ஒரு பக்கம் வாசிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடம் இல்லை, அக்காவின் தையல் கடைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு செம்பட்டை நாய் உள்ளே வந்தது. நேராகப் போய் மதிவதனியின் எதிரில் உட்கார்ந்தது.

"வந்துடுச்சு சார்!"

"மிஸ், இது..." என்றாள் மதிவதனி.

"பேசாத. படி."

"இல்ல மிஸ், இது வந்து..."

"ர்ர்ர்" என்றது நாய்.

மதிவதனி படித்தாள். இரண்டாவது வரியில் தடுக்கி நின்றாள். "ர்ர்ர்." மூன்றாவது வரியிலிருந்து நிற்கவே இல்லை.

அய்யூப் அசந்துபோனார். "பாருங்க டீச்சர், கதை கேக்குற மாதிரி உம் கொட்டுது!"

ஒரு பக்கம் முடிந்தது. மணிமொழிக்குக் கண் கலங்கியது. "போதும் கண்ணு."

மதிவதனி கேட்கவில்லை. பாடம் முடிந்து பயிற்சி வினாக்களுக்குப் போனாள். அடுத்த பாடம். அதற்கடுத்தது. மணி அடித்தது. தண்ணீர் நீட்டினால் தலையாட்டி மறுத்தாள். மணிமொழி புத்தகத்தை வாங்கப் போனாள். நாய் எழுந்து பல்லைக் காட்டியது.

"விடுங்க, கதை நடுவுல போறீங்க, அதுக்குக் கோவம்" என்றார் அய்யூப். 'சரளமாக வாசிக்கிறாள், பள்ளியில் கட்டாயம் தொடர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மதிவதனி அதற்குள் பின்னட்டைக்கு வந்து, அச்சகத்தின் முகவரியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ டிரைவர் தசரதன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சாரி டீச்சர்! பௌர்ணமி கிரிவலக் கூட்டம், ரோட்டையே மறிச்சிட்டாங்க. உங்க நாய் ஆட்டோவுல தூங்குது, எறக்கட்டுங்களா?"

அய்யூபின் பேனா கீழே விழுந்தது. மணிமொழி மெதுவாகத் திரும்பினாள்.

மதிவதனி தலையைத் தூக்கவில்லை. பாடம் படிக்கும் அதே குரலில், தடங்கலே இல்லாமல் சொன்னாள்:

"இது எங்க தெரு நாய் மிஸ், நேத்து ரெண்டு பேரக் கடிச்சிது, நிறுத்தினா உறுமுது, புத்தகம் முடிஞ்சிடுச்சு, சீக்கிரம் வேற புத்தகம் குடுங்க!"